அம்மாவின் றேடியோவும் ஐயாவின் பிடிவாதமும்

ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, அவரைப் பொறுமைசாலி என்று எல்லோரும் சொன்னீர்கள். மூத்த மகள் நான் சொல்கிறேன்: அவர் பொல்லாத பிடிவாதக்காரர்.

வடமராட்சியில் பிறந்த ஐயா, அரசாங்கக் குடியேற்றத்தில் கிடைத்த வயற்காணியை நம்பி அம்மாவுடன் கனகராயன்குளத்துக்கு அப்பால் வந்தார். காடு வெட்டினார், காய்ச்சலில் கிடந்தார், யானை மிதித்த வயலை மறுபடியும் விதைத்தார். அம்மாவுக்கோ அந்த இடம் பிடிக்கவேயில்லை. மாமாமார் கலியாணத்துக்குக் கொடுத்த பற்றறி றேடியோதான் அவாவின் ஒரே துணை.

ஓர் ஆயுத பூசைக்கு மண்வெட்டி, கத்தி எல்லாம் மினுக்கிய அம்மா றேடியோவையும் விடவில்லை. உள்ளேயிருந்த கண்ணாடி வால்வுகளைக் கழற்றி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, சந்தனப் பொட்டு வைத்து, கண்டபடி திரும்பச் செருகி, மஞ்சள் தண்ணீரும் தெளித்துவிட்டா. வால்வுகளில் அச்சிட்டிருந்த இலக்கங்கள் சாம்பலோடு போய்விட்டன. எது எந்த இடத்துக்குரியதென்று தெரியவில்லை. றேடியோ மூச்சுக் காட்டவில்லை.

அம்மா அழுது தீர்த்தா.

“இந்தக் காட்டிலை எனக்கெண்டு இருந்தது அது ஒண்டுதான். வயல் அரிவுவெட்டு முடியத் தம்பி வருவான். நான் பிள்ளையளோடை ஊருக்குப் போறன்.”

“சரி, போம். அதுக்கு முதல் இதைத் திருத்திறன்,” என்றார் ஐயா.

வவுனியாவில் றேடியோ திருத்துபவர் கையை விரித்தார். “மாறிப் போட்டா மிச்சமும் எரிஞ்சுபோம். வேறை பெட்டி வாங்குங்கோ.” ஐயா விடவில்லை. அவரிடம் திருத்தத்துக்கு வந்திருந்த அதே மாதிரிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு வால்வுக்குள்ளும் தகடுகள் நிற்கும் விதத்தை மனத்தில் பதித்துக்கொண்டு சைக்கிளில் திரும்பினார். வால்வுகள் தத்தம் இடத்துக்குப் போயின. அப்போதும் சத்தமில்லை! மஞ்சள் தண்ணீர் பட்டு, ஒலிபெருக்கிக்குப் போகும் மயிரளவு கம்பி பச்சை பிடித்து அறுந்திருந்தது.

சிரட்டைக் கரியில் காய்ச்சிய இரும்பால் ஈயம் வைத்து ஒட்டினார். விட்டுப்போனது. மறுபடியும் ஒட்டினார். விரல்கள் கொப்பளித்தன.

“உந்தச் சனியனை விடுங்கோவன்,” என்று அம்மாவே கெஞ்சினா.

“விடமாட்டன்.”

மாமா வந்து, பஸ்ஸடிக்குப் போக மாட்டுவண்டி பூட்டிய காலையில்தான் அது பாடியது. அம்மாவை மறிக்கத்தான் இவ்வளவு கஷ்டமும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஐயாவோ றேடியோவைச் சாக்கில் சுற்றி, வண்டியிலிருந்த அம்மாவின் றங்குப்பெட்டிக்கு மேல் வைத்தார்.

“என்ன செய்யிறியள்?”

“உம்மடை சாமான். பழுதாக் குடுத்தனுப்பேலாது. அங்கையும் உமக்குத் துணை வேணுமெல்லே.”

அம்மா றேடியோவைத் தூக்கி எடுத்தா. பிறகு மாமாவிடம், “தம்பி, பெட்டியளை இறக்கு,” என்றா.

பிற்காலத்தில் அயலவர் றேடியோக்களையும் ஐயா திருத்தினார். “ஆயுத பூசைக்கு உள்ளுக்கை மினுக்காதேங்கோ,” என்று சொல்லியே கொடுப்பார். நெஞ்சுவருத்தம் வந்த பிறகும் வயலுக்குப் போக ஒற்றைக்காலில் நின்றார்.

அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய அயலவர்க்கும், தோள் மாறிச் சுமந்தவர்க்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எமக்குச் சோறு தந்தவர்க்கும் எங்கள் நன்றி. அம்மாவைத் தங்களோடு வந்துவிடும்படி கேட்டு ஊரிலிருந்து வண்டி பிடித்து வந்த மாமாமாருக்கும் நன்றி. அவா வரமாட்டாவாம்.