பஸ்ஸோட போயிட்ட எங்க மூணு மாசப் புள்ள

எஞ்சின் சூடு... அதான் மொதல்ல ஞாபகத்துக்கு வருது.

அப்பல்லாம் பஸ்ல டிரைவர் பக்கத்துல தான் பொம்பளைங்க சீட்டு. எஞ்சின் மூடி மேல தெரியாம கால வச்சிட்டா சுர்ருனு சுடும். டீசல் வாடை, மீன்கூடை வாடை, யாரோ தலையில வச்ச மல்லிப்பூ... எல்லாம் சேந்து கொமட்டும்.

எனக்கு பதினாறு வயசு. மடியில மூணு மாசப் புள்ள.

ஐம்பதுகளோட கடைசி அது. செங்கல்பட்டுல அம்மா வூட்டுல பிரசவம் முடிஞ்சி, மொத தடவையா புள்ளையோட மாமியார் வூட்டுக்குப் போறேன். வூடு சதுரங்கப்பட்டினத்துல. திருக்கழுக்குன்றத்துல எறங்கி வேற பஸ் மாறணும். கூட்டிகினு போக என் வூட்டுக்காரர் வந்திருந்தார். நான் மச்சான்னு தான் கூப்புடுவேன். அவருக்கு இருவது. மீசை கூட சரியா வரல.

மாமி, அதான் என் மாமியார், ஏற்கனவே சொல்லிட்டாங்க... "இதுங்களே ரெண்டும் புள்ளைங்க. இதுங்க எங்க ஒரு புள்ளைய வளக்கப் போவுதுங்க?"

வழி பூரா அதே நெனப்பு. புள்ள தும்மினா பயம். அழுதா பயம். அழாம கெடந்தா அதவிட பயம்... மூக்குகிட்ட வெரல வச்சிப் பாப்பேன்.

அன்னிக்கி சூடு தாங்காம புள்ள வீறிட்டு அழுதான். பின்னாடி நின்னுகினு இருந்த மச்சான், "இங்க குடு, காத்து வருது"ன்னாரு. கை மாத்தி கை மாத்தி புள்ளைய அனுப்புனேன். அவரும் நின்னுகினு தானே வராரு... பின்சீட்டுல ஜன்னலோரமா இருந்த ஒரு மீன்காரம்மா மடியில குடுத்தாரு. புள்ள தூங்கிட்டான்.

திருக்கழுக்குன்றம் வந்துச்சி. எங்க டிரங்குப் பொட்டி பஸ் மேல இருந்துச்சி. மச்சான் பின்பக்கமா எறங்கி, ஏணியில ஏறிகினே கத்துனாரு. "புள்ளைய வாங்கிக்கோ!"

எனக்கு அந்த சத்தத்துல, "வாங்கிக்கினேன்"னு கேட்டுச்சி.

நான் முன்பக்கமா எறங்கிட்டேன். பஸ்ஸும் கெளம்பிடுச்சி. தூசி அடங்குச்சி. தோள்ல பொட்டியோட மச்சான் வராரு.

"புள்ள எங்க?"ன்னாரு.

அதையே தான் நானும் கேக்க வாயெடுத்தேன்.

ரெண்டு பேரும் ஒருத்தர் கைய ஒருத்தர் பாத்தோம்...

பஸ்ஸு மாமல்லபுரம் போற பஸ்ஸு. மச்சான் பொட்டியப் போட்டுட்டு பின்னாடியே ஓடுனாரு. வேட்டி தடுக்கி வுழுந்தாரு. முட்டியெல்லாம் ரத்தம். அடுத்த பஸ் மத்தியானத்துக்கு மேல தான்னு சொன்னாங்க.

பக்கத்துல ஒரு வாடகை சைக்கிள் கடை. "ஊரு தெரியாத ஆளுக்கு குடுக்க மாட்டேன்"ன்னாரு கடைக்காரர். பொட்டிய அவருகிட்ட வச்சோம். மச்சான், "நீ இங்கயே இரு, நான் போய் தூக்கியாறேன்"ன்னாரு.

"நானும் வரேன்"னு கேரியர்ல ஏறி உக்காந்துட்டேன். தலையோட துப்பட்டி போத்துன பொண்ணு, பட்டப்பகல்ல, கடைத்தெரு பூரா பாக்க, புருஷன் பின்னாடி சைக்கிள்ல! யாராவது மாமிகிட்ட போய் சொல்வாங்கன்னு கூட அப்ப தோணல. அந்தம்மா எந்த ஊரு? வழியில எங்கியாவது எறங்கிட்டா? புள்ள எழுந்து அழுவானே... அதே தான் மனசுல.

கொஞ்ச தூரம் அவரத் திட்டிகினே போனேன். "குடுத்தவங்க தானே வாங்கணும்?" அப்பறம் பாத்தா அவரு முதுகு குலுங்குது. அழுவுறாரு. பெடலும் மிதிக்கிறாரு, அழவும் அழுவுறாரு. அதுக்கப்பறம் நான் வாயத் தொறக்கல.

பாதி வழி தாண்டியிருப்போம். எதுக்கால அதே பஸ்ஸு. ஜன்னல் வழியா கண்டக்டர் கைய ஆட்டிகினே வராரு.

அந்த மீன்காரம்மா மாமல்லபுரத்துல எறங்கவே இல்லியாம். புள்ளைய மடியில வச்சிகினு அதே பஸ்ல திரும்பி வந்துகினு கீறாங்க.

நான் ஓடிப் போய் கைய நீட்டுனேன். அவங்க குடுக்கல. என்ன மேலயும் கீழயும் பாத்தாங்க.

"உன் புள்ளையா? இல்ல அக்காவா நீ?"

"என் புள்ள தாங்க..."

"இன்னா வயசு உனக்கு? நீ தான் தாயின்னு நான் எப்டி நம்பறது?"

அதுக்குள்ள புள்ள வீறிட்டு அழுதான். அந்த சத்தத்துக்கே எனக்குப் பால் சுரந்து ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சி போச்சி. துப்பட்டிய இழுத்து மூடப் பாத்தேன். அந்தம்மா பாத்துட்டாங்க. புள்ளைய என் கையில வச்சிட்டு, நவுந்து ஜன்னலோரத்துல எனக்கு எடம் வுட்டாங்க.

பஸ் மேல சைக்கிள ஏத்திகினு திருக்கழுக்குன்றம் வந்து சேந்தோம். அவங்க பேரு கூட கேக்கல நாங்க. அது இன்னிக்கும் உறுத்துது.

வூட்டுக்குப் போனதும் மாமி, "ஏன் இவ்ளோ நேரம்?"ன்னாங்க. "பஸ் ரிப்பேரு"ன்னாரு மச்சான். முட்டி காயத்துக்கு, "பொட்டிய எறக்கறப்ப வுழுந்துட்டேன்"ன்னாரு. மாமி புள்ளைய வாங்கி கொஞ்ச ஆரம்பிச்சாங்க. எங்க ரெண்டு பேரு கண்ணும் அந்தப் புள்ள மேலயே தான்...

ஒரு மாசம் போல நான் சரியாத் தூங்கல. யாரு புள்ளையக் கேட்டாலும் குடுக்க மனசு வராது. மச்சானும் கடையிலேர்ந்து பாதி வேலையில ஓடியாந்து எட்டிப் பாத்துட்டுப் போவாரு. "தண்ணி குடிக்க வந்தேன்"னுவாரு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. அவரு போற வரைக்கும் அதக் காப்பாத்துனோம். அவரு போயி நாலு வருஷம் ஆச்சி.

இப்ப எம் பேத்திக்குப் புள்ள பொறந்து ஆறு மாசம். படூர்ல பிளாட்டு. தொட்டிலுக்கு மேல கேமரா வச்சிருக்கா. ஆபீஸ்ல உக்காந்து நிமிஷத்துக்கு ஒருக்கா போன்ல புள்ளையப் பாக்கறா. அவளுக்கு முப்பத்தி ஒண்ணு. போன வாரம் கேட்டா... "நீங்கல்லாம் பதினாறு வயசுலயே எப்டி தைரியமா புள்ள வளத்தீங்க?"

தைரியமா? அந்தப் பேரு அதுக்கு எப்ப வந்துச்சின்னு தெரியல. அவளுக்கு இருக்கற அதே பயம் தான் எங்களுக்கும். எடுத்துப் பாத்துக்க ஒரு போன் இல்ல, அவ்ளோ தான்.

அவகிட்ட அப்ப சொல்ல முடியல. அதான் இங்க, நம்ம குரூப்ல சொல்லிட்டேன். நான் பேசப் பேச போன் தானா எழுதிக்கினு போவுது.

அந்தப் புள்ளைக்கு இப்ப அறுபத்தேழு வயசு. ரிட்டயர் ஆயி கூடுவாஞ்சேரியில இருக்கான். அவனும் இந்த குரூப்ல தான் கீறான். இன்னிக்கி இதப் படிச்சிட்டு கண்டிப்பா போன் பண்ணுவான்...

எடுத்து இன்னா சொல்றதுன்னு இப்பவே பயமா கீது.