எங்கள் கிணற்றுக்கு நான் எழுதிய அறிக்கை

காலையில் லேபுக்கு வெள்ளைக் கோட்டு. மாதிரி வழக்கு நடக்கும் மத்தியானங்களில் கறுப்புக் கோட்டு. பி.எஸ்சி.யும் எல்எல்.பி.யும் சேர்ந்த ஐந்து வருஷப் படிப்பு எனக்கு இப்படித்தான் போயிற்று. சொந்தக்காரர்களில் பாதிப் பேர், கடைசியில் நீ என்னவாக வருவாய் என்று கேட்பார்கள். மீதிப் பேர், ஒன்றில் தோற்றால் இன்னொன்று கைகொடுக்கட்டும் என்று சேர்த்துவிட்டிருப்பதாக அவர்களே முடிவுகட்டிக்கொள்வார்கள். இரண்டு கோட்டையும் ஒரே பைக்குள் திணித்துக்கொண்டு ஓடியதில் கறுப்புக் கோட்டின் கையில் அமிலம் பட்டு ஓட்டை விழுந்திருந்தது. அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. உள்ளூரப் பெருமைதான்.

என்னைவிட அப்பாவுக்குப் பெருமை. தமிழ்–மலையாள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னையும் நெல்லும் வைத்திருக்கும் விவசாயி அவர். டீக்கடையில் யார் கிடைத்தாலும், தன் மகள் பாதி வக்கீல், பாதி விஞ்ஞானி என்பார். பாதியில்லை, இரண்டுமே முழுசு என்று நான் திருத்தினால், முழுசாக இன்னும் இரண்டு வருஷம் கிடக்கிறதே என்பார். அவரிடம் வாதாடி ஜெயிப்பதற்கு எந்தப் படிப்பும் போதாது.

நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியப்பா, அதாவது அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், வாழைக்காக ஒரு போர்க் கிணறு போட்டார். அந்த வாரமே எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றார் அப்பா. அம்மா குடித்துப் பார்த்துவிட்டு, அதே தண்ணீர்தான், பருப்பு எப்போதும்போல வேகிறது என்றாள். அம்மாவுக்கு நாக்குச் செத்துப்போயிற்று என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாளாக நாளாக அவர் வாயில் உப்பு ஏறிக்கொண்டே போனது. போரை மூடச் சொல்லிப் பஞ்சாயத்தில் மனுக் கொடுப்பது என்று முடிவானது. மனு ஒரு தடவை போய்விட்டால் பிறகு கல்யாணம் காட்சி எதற்கும் அண்ணன் தம்பி ஒரு பந்தியில் உட்கார முடியாது. அப்படிப் பிரிந்துபோன வீடுகள் எங்கள் ஊரிலேயே வேண்டிய மட்டும் உண்டு. அம்மாவுக்கு அதுதான் கவலை.

நான் அவரைத் தடுத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, வாய்ப்பேச்சு சபை ஏறாது, ஆதாரம் வேண்டும் என்று அப்பாவுக்குச் சட்டம் சொன்னேன். அடுத்த நாள் காலேஜுக்குக் கிளம்பும்போது அம்மாவிடம் ஒரு கண்ணாடி பாட்டில் வாங்கி, கிணற்றில் நானே இறைத்து, நிரப்பி மூடி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கோயில் தீர்த்தத்தைக்கூட அவ்வளவு பத்திரமாக யாரும் கொண்டுபோயிருக்க மாட்டார்கள்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பது எங்களுக்கு முதல் வருஷப் பாடம். மஞ்சளாக்கிய தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். மஞ்சள் போய்ச் செங்கல் நிறம் வரும்போது நிறுத்தி, எவ்வளவு செலவானது என்று பார்க்கவேண்டும். அதிகம் செலவானால் உப்பு அதிகம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடித்துக்கொண்டே போனது. நிறம் மாறுவேனா என்றது. அப்பா சொன்ன விடையே வந்துவிட்டதால் இன்னொரு தடவை செய்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு முழுப் பக்கம் அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, அதன் கீழே என் படிப்பை இரண்டு பட்டத்தோடும் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்பா அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து, மறுநாள் சனிக்கிழமையே கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் காட்டிவிட்டார். மனுவை ஒரு வாரம் விட்டு அடுத்து வரும் திங்கட்கிழமை கொடுப்பதாகத் திட்டம்.

புதன்கிழமை சாட்சியச் சட்ட வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது யார் யார் கையில், எங்கெங்கே இருந்தது என்று ஆரம்பத்திலிருந்து எழுதவேண்டும். எல்லோரும் பேனாவையும் போனையும் எழுதிக்கொண்டிருக்க, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் பாட்டிலை எழுதினேன். கிணறு, என் கை, ரயில், ஹாஸ்டல் ஜன்னல், லேப். பக்கத்தில் இருந்த தோழி எட்டிப் பார்த்துவிட்டு, கிணற்றுக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பாட்டில் எங்கே இருந்தது என்று மலையாளத்தில் கேட்டாள்.

வகுப்பு முடிந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அதுவா, உப்புமாங்கா போட்டிருந்த பாட்டலு கண்ணு. நல்லாக் கழுவித்தான் குடுத்தேன்" என்றாள் அம்மா.

ஹாஸ்டலுக்கு ஓடி அந்த மூடியைத் திருகிப் பார்த்தேன். உள்ளே வட்டமாக ஓர் அட்டை. நகத்தால் நெம்பி எடுத்தால் பொதபொதவென்று ஊறியிருந்தது. லேபில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்பது முதல் நாள் பாடம். ஹாஸ்டல் அறையில் நின்றுகொண்டு அந்த அட்டையை நக்கினேன். ஒரு வருஷத்து உப்புமாங்காய் அதில் குடியிருந்தது. வேதியியலில் பாத்திரத்தைப் பார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சட்டத்தில், பொருள் வந்த வழியைப் பார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டையும் படித்துக்கொண்டிருந்த மகாராணி இரண்டையும் பார்க்கவில்லை.

அட்டையைத் திரும்ப மூடிக்குள் வைத்து, அதே பாட்டிலில் ஹாஸ்டல் குடிதண்ணீரை நிரப்பி வைத்தேன். வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு, லேபில் அலசிய இரண்டு பாட்டில்களோடு ஊருக்குப் போனேன். இன்னொரு சாம்பிள் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். வழக்கு பலமாகிறது என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். தண்ணீரை அவரே இறைத்துக் கொடுத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை லேபுக்குத் திரும்பி மூன்று தடவை செய்து பார்த்தேன். எங்கள் கிணறு சுத்தம். உப்புமாங்காய் பாட்டிலில் இருந்த ஹாஸ்டல் தண்ணீர்தான் கரித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் மறுபடியும் ஊருக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பேச்சுத்தான் நிற்காமல் வந்தது. அப்பா கேட்டு முடித்துவிட்டு, மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நட போகலாம் என்றார். அண்ணனிடம் நானே சொல்லவேண்டுமாம். வரப்பைத் தாண்டினோம்.

பெரியப்பா தோட்டத்தில் வாழையிலைகள் துவண்டு தொங்கின. அடிப்பக்கமெல்லாம் பழுத்துப் போயிருந்தது. வாய்க்காலில் மண் வெடித்திருந்தது. வந்ததிலிருந்து மோட்டார் சத்தமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாழக்கிழமையும் கேட்கவில்லை. விஞ்ஞானிக்குக் காது இருந்து என்ன பயன்?

பெரியப்பாவிடம் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். பேப்பரைப் பார்த்த அன்றைக்கே மோட்டாரை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். எட்டு நாளாக வாழைக்குத் தண்ணீர் இல்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்டேன்.

"உங்கப்பன் சொன்னப்ப நான் நம்பலீங் கண்ணு. அவன் சின்னதுல இருந்தே அப்படித்தான். நீ எழுதியிருந்தியல்லொ, அப்பறம் எப்படி நம்பாம இருக்கறது?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அத்தனை வருஷத்தில் நான் வாங்கிய எந்த மார்க்கையும் யாரும் இப்படி நம்பியதில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. மன்னித்துக்கொள்ளுங்கள் பெரியப்பா என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அப்பா தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணனிடம் தப்பு என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. அப்படியே அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்ணா, இவ ரெண்டாவது பாத்தது மோட்டாரு ஓடாதப்ப எடுத்த தண்ணியாச்சுங்க. ஓட்டிப் பாத்தாத்தான நெசம் தெரியும். பரிசோதனைக்கோசரம், மோட்டாரப் போட்டுருங்க."

கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான். என் பேராசிரியர்களே கேட்டிருப்பார்கள். முதல் தண்ணீரைக் கெடுத்தது மூடிதான் என்று ஹாஸ்டல் தண்ணீரை வைத்து நான் ஏற்கெனவே நிரூபித்திருந்தேன். அதை எடுத்துச் சொல்லி அப்பாவின் சாக்கைக் கெடுக்கவில்லை. பெரியப்பாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பரிசோதனை என்றால் எத்தனை நாள் ஓட்டவேண்டும் என்று தம்பியிடம் கேட்டார். வாழை தார் தள்ளுகிற வரைக்கும் ஓட்டினால்தான் சரியாகத் தெரியும் என்றார் அப்பா. அவரே மோட்டார் ரூமுக்குப் போய் ஸ்விட்சைப் போட்டார்.

குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. அப்பா தொட்டிச் சுவரில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் விலையைப் பேச ஆரம்பித்தார். நான் சுடிதாரை முழங்கால்வரைக்கும் இழுத்துச் சொருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தேன். வெயில் ஏற ஏற, ஒவ்வொரு வரிசையாக மடை மாற்றிவிட்டேன். சாயங்காலம் கடைசி வாழைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அதுவரைக்கும் அந்த இரண்டு பேரில் ஒருவர்கூடப் போதும் விடு என்று சொல்லவில்லை.