சித்தப்பா ஃபிரெட் பிடுங்கிய கிட்டார்

நன்றாக இருக்கிற பொருளை யாராவது பிரித்துப் போட்டால் எங்கள் அம்மாவுக்குப் பொறுக்காது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், சித்தப்பா தன் பேஸ் கிட்டாரின் தந்திகளைக் கழற்றிவிட்டு, சூடேறிய சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், "சேசுவே! இந்த மனுசனுக்கு வேற வேலையே இல்லியா?" என்று படியிலேயே நின்று கத்தினாள். சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, மாடி அறையில் இருந்தார். கடைத்தெருவில் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் செய்கிற கடை வைத்திருந்தார். ஆனால் அவரைக் கேட்டால் அது சோற்றுக்கான வேலை என்பார். அவருடைய உண்மையான வேலை மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் வாசிப்பது. அந்தக் கிட்டார் தாத்தாவோடு வந்தது. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். பென்ஷனோடு ஊர் திரும்பியபோது எல்லோரும் சென்ட் பாட்டிலும் கம்பளிக் கோட்டும் கொண்டுவர, அவர் மட்டும் யாரோ வாசித்துத் தேய்த்த நான்கு தந்திக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். மி, லா, ரே, சோல் என்று பிரெஞ்சில் தந்திகளின் சுரப் பெயரைச் சொல்லி சித்தப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

கிட்டாரின் கழுத்தில் குறுக்காக வரிசையாய்ப் பதித்திருக்கும் மெல்லிய உலோகக் கம்பிகளுக்கு ஃபிரெட் என்று பெயர். இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் விரலை எங்கே வைத்து அழுத்தினாலும் சுரம் சரியாகத்தான் விழும். அதை எடுத்துவிட்டால் வெறும் கட்டை. விரல் மயிரிழை தள்ளி விழுந்தாலும் சுரம் பிசகிவிடும், காதுதான் இடம் காட்ட வேண்டும். சித்தப்பா அந்த ஃபிரெட்டுகளை எல்லாம் பிடுங்கிப் போடத்தான் உட்கார்ந்திருந்தார்.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் சித்தப்பாவின் காதில் கோளாறு. கல்யாணக் கச்சேரிகளில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் எத்தனையோ வருடம் நின்றவர். ஒரே சுரம் இடது காதில் ஒரு மாதிரியும், வலது காதில் கொஞ்சம் ஏறியும் கேட்க ஆரம்பித்திருந்தது. டாக்டர், இது இனி சரியாகாது என்று சொல்லிவிட்டார். "டாக்டருக்குப் பாட்டப் பத்தி இன்னா தெரியும்?" என்று சித்தப்பா வந்துவிட்டார். காது போய்விட்டதா இல்லையா என்று அவருக்குத் தன் கையால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இது தெரியும். ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்குத் தெரியாது. மாதா திருவிழா வருகிறது, சித்தப்பா ஏதோ புதுசாகச் செய்கிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"நல்லா இருந்தத ஏண்டா கெடுக்குற?" என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார்.

"ஃபிரெட்டு இருக்கிற வரைக்கும் செவிடன்கூட வாசிப்பான்ணா. எடுத்துட்டுப் பாப்போம்."

ஒவ்வொரு ஃபிரெட்டின் மேலும் சால்டரிங் அயர்னை வைத்துச் சூடாக்குவார். உள்ளே இருக்கிற பழைய பசை இளகி லேசாகப் புகை வரும். உடனே குறட்டின் முனையை நுழைத்து, பல் பிடுங்குகிற மாதிரி மெல்ல மெல்ல நெம்புவார். அப்படியும் சிலது மரச் சில்லைப் பெயர்த்துக்கொண்டுதான் வந்தது. அந்தச் சில்லை நான் தேடி எடுத்துத் தர, அவர் ஊசி முனையால் எடுத்துப் பழைய இடத்திலேயே ஒட்டுவார். பிடுங்கிய ஃபிரெட்டுகளைத் தகர டப்பாவில் போடும் வேலை என்னுடையது. பெரிய ஆபரேஷன் நடக்கும்போது நர்ஸ் வேலை கிடைத்தவள் போல எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அந்தப் பள்ளங்களை அடைக்க வேண்டும். "வெள்ளப் பட்டையா எதையாச்சும் வெச்சு அடைடா. கோடு தெரிஞ்சா வெரல் வெக்க எடம் தெரியும்ல?" என்றார் அப்பா. அது நல்ல யோசனைதான், பலரும் அப்படித்தான் செய்வார்களாம். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "கோடு தெரிஞ்சா கண்ணு வாசிக்கும்ணா. எனக்குக் காது வாசிக்கணும்." ஆசாரிக் கடையிலிருந்து கறுப்பு மரத்தூள் வாங்கிவந்து, பசையில் குழைத்து அடைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு எங்கே ஃபிரெட் இருந்தது என்று தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. தப்பித்துக்கொள்ள ஒரு கோடுகூட அவர் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

வெறும் மரத்தைத் தந்தி அராவிவிடும் என்று, மேலே பூச வீராம்பட்டினம் கடற்கரைக்குப் போய் ரெசின் வாங்கிவந்தோம். ஃபைபர் படகில் ஓட்டை விழுந்தால் பூசுவார்களே, அதேதான். மணலில் உட்கார்ந்து படகின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தவர், கிட்டாருக்கு என்றதும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "கடல்ல எறங்கப் போறீங்களா சார்?" என்று சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவில் ஊற்றித் தந்தார். ஸ்கூட்டரில் அதைச் சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தது நான். பூசிய அன்றைக்கு வீடு முழுக்க ஒரே நாற்றம். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினாள். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, காய்ந்து தேய்த்த பிறகு அந்தக் கழுத்து மழை பெய்த தார் ரோடு மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது.

எங்கள் பாடகர் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. ஒத்திகையில் தப்புச் சுரம் யார் காதில் விழுந்தாலும், பாட்டை நிறுத்தாமல் கையை மட்டும் தூக்க வேண்டும். தப்புச் செய்தவர் சரிசெய்ததும் இறக்கிவிட வேண்டும். சின்னவர் பெரியவர் பேச்சே கிடையாது. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே சித்தப்பாதான். குழுவில் அதிகம் கை தூக்குகிறவள் நான். அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

தந்தி மாட்டிய அன்று சாயங்காலம் சித்தப்பா என்னை மாடிக்குக் கூப்பிட்டார். குழுவில் யாரையாவது கூப்பிட்டுக் கேளேன் என்று அப்பா சொன்னதற்கு, "பெரியவங்க மூஞ்சிக்காகச் சொல்லுவாங்க. பாப்பா சொல்லாது" என்றார். கோயில் கீபோர்டை என் மடியில் வைத்தார். திருவிழாப் பாட்டை நான் ஒரு கையால் வாசிக்க வேண்டும். கிட்டார் தப்பினால் இன்னொரு கையைத் தூக்க வேண்டும். அவர் கிட்டாரின் கழுத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்.

முதல் வரியிலேயே கை தூக்கினேன்.

"மேலயா, கீழயா?"

"கீழ வாங்க சித்தப்பா. இன்னும். ம்... இப்ப சரி."

அவர் அந்த இடத்தை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். "எனக்கு இப்பத்தான் தப்பாக் கேக்குது" என்றார்.

"போங்க சித்தப்பா, வெளயாடாதீங்க" என்று நான் சிரித்தேன்.

மறுபடி முதலிலிருந்து வாசித்தார். மறுபடி கை தூக்கினேன். அடுத்த வரி, அதற்கும் அடுத்த வரி என்று என் கை இறங்கவே இல்லை. அப்போது அம்மா துணி எடுக்க மேலே வந்தாள். சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் கொடிக்கயிற்றடியில் அப்படியே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கையை இறக்கு என்று சைகை காட்டினாள், கண்ணை உருட்டினாள். அம்மாவுக்கு தோ எது, ரே எது என்றே தெரியாது. சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சொல்கிறாள், பாவம் என்று எனக்குப் பட்டது. கையை இன்னும் உயரத் தூக்கினேன்.

சித்தப்பா பாட்டைக் கடைசிவரை வாசித்து முடித்தார். கிட்டாரைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு வந்து என் தலையில் கைவைத்தார். "உனக்கு நல்ல காதுடா பாப்பா" என்றார். அம்மா எடுத்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, "தம்பி, சாப்பிட வாங்க" என்று மட்டும் சொன்னாள். அன்று ராத்திரி சோறு போடும்போது என்னிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. சரியாகச் சொன்னதற்கு யாராவது கோபித்துக்கொள்வார்களா?

திருவிழாவன்று நாங்கள் கோயில் வாசலுக்கு மேலே, பாடகர் குழுவுக்கான உள்மாடியில் நின்றோம். பேஸ் பகுதியைக் கீபோர்டுக்கார அண்ணன் இடது கையால் வாசித்தார். சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கீழே கூட்டத்தோடு நின்றிருந்தார். அவரை அங்கே நான் பார்த்ததே இல்லை. பாட்டு தொடங்கியதும் எல்லோரும் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் திரும்பி எங்களை அண்ணாந்து பார்த்தார். ஒரு கையால் வலது காதை நன்றாகப் பொத்தினார். கொஞ்சம் கழித்து அந்தக் கையை எடுத்துவிட்டு இடது காதைப் பொத்தினார். பிறகு இரண்டு கைகளையும் கீழே விட்டுவிட்டார்.

நான் பாடுவதைக் கேட்கத்தான் சித்தப்பா கீழே போய் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டத்தில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகப் பாடினேன்.