கெட் பேக் டு யூ

"வீ வில் கெட் பேக் டு யூ" என்று சொல்லும்போது செந்தமிழ்ச்செல்வி எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. மேசை மேலிருக்கும் குண்டூசி டப்பாவைப் பார்த்துத்தான் சொல்வாள். சொல்லி முடித்ததும் அதைக் கொஞ்சம் தள்ளி வைப்பாள். ஆள் எடுக்கும் நாட்களில், சாயங்காலத்துக்குள் டப்பா மேசை விளிம்புக்கு வந்துவிடும்.

கள்ளக்குறிச்சியில் அந்தத் தனியார் பள்ளிக்கு நோட்டு சப்ளை செய்கிறவன் நான். தாளாளர் கூப்பிடும்வரை அவளுடைய வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மணலூர்பேட்டைப் பெண். பி.ஏ. ஆங்கிலம். சாப்பிடும்போது யாராவது வந்துவிட்டால் டிபன் பாக்ஸை மூடிவிடுவாள். பிறகு திறக்க மாட்டாள்.

அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன்.

"டிக்சனரில பாத்தா, திரும்பக் கூப்புடுறோம்னு அர்த்தம். ஆபீசுல சொன்னா, கெளம்புன்னு அர்த்தம். வேல கேட்டுப் போன எடத்துல எனக்கும் இதையேதான் சொல்லியிருக்காங்க சார். அதை நம்பிக்கினு, குளிக்கப் போனாக்கூட போனைக் கவர்ல சுத்தி எடுத்துக்கினு போவேன்."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை.

போன வைகாசியில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு நேர்காணல் வைத்தார்கள். அந்த இடம் தாளாளரின் மைத்துனர் மகளுக்கு என்று முன்பே முடிவாகியிருந்தது. ஊருக்காகத்தான் விளம்பரம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கச்சிராயபாளையத்திலிருந்து கரும்பு வெட்டும் மாயவன் தன் மகள் செவ்வந்தியை அழைத்து வந்திருந்தார். உள்ளே போன செவ்வந்தி சீக்கிரமே வெளியே வந்தாள். செந்தமிழ்ச்செல்வி வழக்கமான வாக்கியத்தைச் சொன்னாள். மாயவன் நகரவில்லை.

"இன்னா மேடம் சொல்றீங்க? எனக்குப் புரியிற மாரி சொல்லுங்க. ஞாயித்துக்கெழம திருப்பூர் மில்லு வேன் வருது. புள்ளைய ஏத்தி வுடறதா, வூட்லயே வெச்சிக்கிறதா?"

தாளாளர் அறைக் கதவு திறந்திருந்தது. முன்பு ஒருவரிடம் அவள் வேலை இல்லை என்று உண்மையைச் சொன்னதற்கு, "உனக்கும் அதையே சொல்லிடட்டுமா?" என்று அவர் கேட்டிருந்தார். செந்தமிழ்ச்செல்வி குரலைத் தாழ்த்தினாள்.

"இல்லைன்னு அர்த்தங்க. வேன்ல அனுப்பிடுங்க."

செவ்வந்திக்கு முகம் இறுகிவிட்டது. "அப்டி இல்லப்பா. கெட் பேக்னா திரும்பக் கூப்புடுவாங்கன்னுதான் அர்த்தம். நான் படிச்சதே இங்கிலீசுதானே. நாம மில்லுக்குப் போறதுதான் இவங்களுக்குச் சரின்னு படுது."

மாயவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மகளைத்தான் நம்பினார். அவர் வெயிலில் வெட்டிப் படிக்கவைத்த இங்கிலீஷ் அது.

"அப்ப வேன் வேணாம்," என்றார். "எங்க நம்பருக்கு ஒரு தபா போட்டுப் பாருங்க மேடம். நீங்க கூப்புடுற நேரத்துல கெடைக்காம போயிடப் போவுது."

செந்தமிழ்ச்செல்வி மறுபடியும் சொல்ல வாயெடுத்தாள். செவ்வந்தி பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திக்கொண்டாள். பள்ளித் தொலைபேசியை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல எண்களை அழுத்தினாள்.

மாயவனின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவசரமாக எடுத்தார். அவளுக்கு எதிரிலேயே நின்று, காதில் வைத்துக்கொண்டு, "அலோ" என்றார்.

அவள் ரிசீவரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், குனிந்தபடியே, "கேக்குதுங்க" என்றாள்.