வெறும் தட்டின் எடை

தெருவில் அவருக்குப் பூஜ்ஜியம் சார் என்று பெயர். முகத்துக்கு நேரே சார் மட்டும். அவர் முனை திரும்பியதும் பூஜ்ஜியம் மட்டும். கடைகடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துவது அவருடைய அரசாங்க உத்தியோகம். எந்தக் கடைக்குள் காலை வைத்தாலும் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு, "தட்டைக் காலி பண்ணு, பூஜ்ஜியத்தைக் காட்டு." சௌக்கியமா என்ற விசாரிப்பெல்லாம் அதற்கப்புறம்தான். காலித் தட்டில் முள் மயிரிழை நகர்ந்திருந்தாலும் அன்றைக்கு அந்தக் கடைக்காரர் தொலைந்தார்.

ஓய்வு பெற்ற அன்று முத்திரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வாயைத் திருப்பி வாங்க வழியில்லை. தக்காளி வாங்கப் போனாலும் குனிந்து தராசைத்தான் முதலில் பார்ப்பார். அவர் தலை தெரிந்ததுமே காய்கறிக்காரம்மா தன் புருஷனிடம், "வந்துட்டாரு, தட்டைத் துடைச்சு வை" என்று குரல் கொடுப்பாள்.

இந்த வியாதி எவ்வளவு முற்றியது என்பதற்கு ஒரு சாட்சி போதும். மகள் பிறந்த அன்று செவிலி குழந்தையைத் துண்டில் சுற்றி எடை மேடையில் வைத்து, "மூணு கிலோ, நல்ல எடை" என்றாள். வேறு அப்பாவாக இருந்தால் கண் கலங்கியிருப்பார். இவர், "துண்டைக் கழிச்சீங்களா?" என்று கேட்டார். செவிலி முறைத்தாள். துண்டைத் தனியாக நிறுத்து, அதைக் கழித்து எழுதிய பிறகுதான் பிள்ளையைக் கையில் வாங்கினார். அதற்குள் அது குளிரில் வீறிட்டு நீலம் பாய ஆரம்பித்திருந்தது. கட்டிலில் கிடந்த மனைவி, "பொறந்த உடனே என் புள்ளைக்கு எடை குறைச்சாச்சு. இனிமே என்னென்ன குறைக்கப் போறாரோ" என்றாள்.

அந்தப் பிள்ளைதான் வளர்ந்து பல் மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு எழுதியது. ஏன் பல் என்று கேட்டால் அவளிடம் நேரான பதில் இருந்தது. "சின்ன இடத்துல நுணுக்கமா கைவேலை செய்யறது எனக்குப் பிடிக்கும்." அப்பாவுக்கு அது பதிலாகவே படவில்லை. உடம்பு முழுவதற்கும் டாக்டராக வழியிருக்கும்போது வாயோடு நின்றுவிடுவானேன் என்பது அவர் கணக்கு. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரின் மகன் உடம்பு முழுவதற்குமான தேர்வை எழுதியிருந்தான். இரண்டு முடிவுகளும் ஒரே நாளில் வந்தன. வினையும் அன்றே வந்தது.

அந்தப் பையனுக்கு நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. அந்தத் தேர்வின் உச்சம் அறுநூறு. இவர் மகளுக்கு இருபத்திரண்டு. இந்தத் தேர்வின் உச்சம் முப்பது. பூஜ்ஜியம் சார் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தார்.

"அவன் எண்பத்து மூணு. நீ எழுபத்து மூணு. எதிர்வீட்டுக்கும் நமக்கும் பத்து வித்தியாசம்."

"அப்பா, அப்படி வகுக்கக் கூடாது. அது மார்க் இல்ல. கீழ சின்னதா ஒரு எண் இருக்கு பாருங்க, தொண்ணூத்து நாலுன்னு. நூறு பேர் எழுதியிருந்தா தொண்ணூத்து நாலு பேர் எனக்குக் கீழன்னு அர்த்தம்."

"கீழ இருக்கறவனை எதுக்கு எண்ணணும்? கடைக்காரன்கிட்ட ஒரு கிலோ சர்க்கரை ஒரு கிலோ இருக்கான்னு கேட்டா, பக்கத்துக் கடையில முக்கால்தான் குடுக்கறாங்கன்னு சொன்னா விட்டுடுவேனா?"

அதுதான் அவரிடம் இருந்த தொல்லை. தப்பான பேச்சைக்கூட நிறுத்து, கட்டி, முத்திரை குத்தித்தான் கொடுப்பார்.

"இதுல பெரும்பாலானவங்க வாங்கறதே பதினேழுதான்ப்பா. முப்பது யாருமே வாங்கறதில்ல."

"யாரும் வாங்காததை எதுக்கு அச்சடிச்சு வெச்சிருக்கான்?" என்றவர், தாளை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனார். "இது என்ன, இந்தப் பகுதியில மட்டும் இருபத்தாறு?"

"உருவத்தைப் பார்த்துச் சொல்றது. காகிதத்தை மடிச்சு ஒரு ஓட்டை போட்டா, பிரிக்கும்போது எங்கெங்க ஓட்டை இருக்கும். நாலு கோணத்துல எது சின்னது. அந்த மாதிரி."

"காகிதத்துல ஓட்டை போடறதுக்கு ஒரு பரீட்சை! அதை எழுத நீ ராப்பகலா உட்கார்ந்து படிச்ச!"

"பல்லுல இருக்கற ஓட்டையை அடைக்கறவங்களுக்கு அது தெரிய வேண்டாமா?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து தலையை நீட்டாமலே. "உங்க கடைவாய்ப் பல்லை ஒரு ஆளு தோண்டி எடுத்தானே, அவன் இந்தப் பரீட்சை எழுதாதவன்போல."

அந்தப் பல்லைப் பற்றி அவர் வீட்டில் பேசுவதில்லை. ஆகவே காலண்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒரு நல்ல பல் மருத்துவக் கல்லூரி மகளைக் கூப்பிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அம்மா, அப்பா இருவர் கையெழுத்தோடும் நேரில் வந்து சேர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டாள். அப்பா பேனாவையே எடுக்கவில்லை.

"எழுபத்து மூணை வெச்சுக்கிட்டு அவசரப்பட்டுப் போய் உட்காராதே. ஒரு வருஷம் பொறு. பெரிய பரீட்சையை எழுது. அந்தப் பையன் வாங்கின அளவு நீ வாங்க மாட்டியா?"

"அவன் அளவு எனக்கு வேண்டாம்ப்பா."

"திமிரு."

அதோடு நிற்கவில்லை. எதிர்வீட்டுக்குப் போய் அந்தப் பையனின் புத்தகங்களை, மகள் அடுத்த வருஷம் படிக்க, கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். பையன் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தபோது என்னவோ சொல்ல வாயெடுத்தான். இவர், "சொல்லாதே தம்பி, நல்ல மனசு இருந்தா சொல்லாமலே புரியும்" என்று அவன் தோளைத் தட்டினார். மூட்டை கூடத்து மூலையில் உட்கார்ந்தது. மகள் அதைச் சுற்றி நடந்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள், அப்பாவோடு மட்டும் பேசவில்லை. அழுதிருந்தாலாவது அவருக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் மருந்துக்கடைக்காரர் வீட்டில் டீயும் பிஸ்கட்டும். மகன் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கியதற்கு. எந்தக் கல்லூரி கூப்பிட்டது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் டீ கிடைக்காது. பையன் மூலையில் பிஸ்கட்டை டீயில் நனைத்து நனைத்துக் கீழே தவறவிட்டுக்கொண்டிருந்தான். பூஜ்ஜியம் சார் நடு நாற்காலியில் உட்கார்ந்து எண்பத்து மூன்றை எல்லோருக்கும் விளக்கிச் சொன்னார். சொந்த மகள் வாங்கியதுபோல அவ்வளவு பெருமை. மனைவியும் வந்திருந்தாள், கைப்பையில் கல்லூரித் தாளும் பேனாவும் இருந்தன.

மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு வாய் நிறையச் சந்தோஷம். "எங்க வம்சத்துலயே மூளை இருக்குங்க. என் அண்ணன் பையனும் இதே பரீட்சைதான் எழுதினான். பாவம், அன்னைக்குன்னு பார்த்துக் காய்ச்சல். போய் உட்கார்ந்தவன் ஒரு கேள்விக்குப் பதில் போடல. மேஜை மேலேயே வாந்தி எடுத்துட்டான். கண்ணைத் திறக்க முடியல. அப்படியே தூக்கிட்டு வந்துட்டாங்க. அந்த நிலைமையிலயும் நானூறு வாங்கியிருக்கான்னா பாருங்க! உடம்பு நல்லா இருந்திருந்தா?"

"ஐயோ, அம்மா" என்றான் பையன்.

எல்லோரும் அந்தப் பிள்ளைக்காக உச்சுக்கொட்டினார்கள். காய்ச்சல் இப்போது இறங்கியதா, வயிற்றில் தண்ணீராவது தங்கியதா என்று கேட்ட ஒரே ஆள் பூஜ்ஜியம் சாரின் மனைவிதான். பூஜ்ஜியம் சாருடைய டீ டம்ளரோ வாய்க்குப் போகும் வழியில் பாதியில் நின்றது.

"ஒரு கேள்விக்கும் பதில் போடலையா?"

"ஒண்ணுகூட இல்லைங்க."

"பேனாவைத் தொடலையா?"

"தலையையே தூக்கலைங்கறேன்."

"ஒண்ணும் வைக்காம நானூறு காட்டுதா?" அவர் எழுந்து நின்றுவிட்டார். பல வருஷமாகக் கடைவாசலில் கேட்காத குரல் அது. "வெறும் தட்டு நானூறு காட்டுதா? எவன் அந்தத் தராசுக்கு முத்திரை குத்தினான்?"

"என்ன சார் சொல்றீங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"தட்டோட எடை நானூறு. அதைக் கழிங்க. தொண்ணூத்தெட்டுதான் சரக்கு. அறுநூறுலயும் நானூறைக் கழிங்க, இருநூறு. இருநூறுக்குத் தொண்ணூத்தெட்டு." கால்குலேட்டர் வேண்டியிருக்கவில்லை. "நாற்பத்தொன்பது!"

மூலையிலிருந்து பையன் பேசினான். "ஆமா அங்கிள். பாதிப்பேர் எனக்கு மேலதான் இருக்காங்க. ஒரு வாரமா சொல்றேன், யாரும் காதுல வாங்கல. எனக்கு மருத்துவமே வேண்டாம்." முகத்தில், கட்டி உடைந்து சீழ் வெளியேறியவனின் நிம்மதி.

மருந்துக்கடைக்காரரின் மனைவி வந்து பூஜ்ஜியம் சார் கையிலிருந்த பாதி டீயை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். விருந்து அதோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகள் முன்னால் நின்றார்.

"உன் தராசு எங்க ஆரம்பிக்குது?"

ஒரு வாரம் கழித்து அப்பா கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. "ஒண்ணுல" என்றாள் மகள்.

"ஒண்ணும் எழுதாம வந்தா?"

"ஒண்ணு."

யோசித்தார். "ஒண்ணு பரவாயில்லை. சின்னப் பிழை. அதுக்குச் சட்டத்துலயே இடம் இருக்கு." பிறகு குரல் உயர்ந்தது. "ஆனா அந்த நானூறை விட மாட்டேன். மேலிடத்துக்கு மனு எழுதறேன். பேப்பர் எங்க?"

மனைவி கைப்பையைத் திறந்து தாளையும் பேனாவையும் அவர் முன் வைத்தாள். "மனுவை நாளைக்கு எழுதுங்க. இன்னைக்கு இதுல போடுங்க. பொறந்த அன்னைக்கே துண்டைக் கழிச்ச மனுஷன், எதிர்வீட்டுப் புள்ளைன்னதும் துண்டோட சேர்த்து நிறுத்துட்டீங்களே."

அவர் தாளைக் குனிந்து படித்தார். கையெழுத்துப் போட்டார். தப்பு செய்துவிட்டேன் என்று சொல்வார் என மகள் கொஞ்சம் காத்திருந்தாள். "தராசு சரியில்லாததுக்கு நிறுத்தவன் என்ன பண்ணுவான்?" என்றார். அவ்வளவுதான் அவரிடமிருந்து தேறும். அதை அந்த வீட்டில் எல்லோரும் அறிவார்கள்.

மூவரும் பஸ் பிடிக்கக் கிளம்பினார்கள். போகிற வழியில் அவர் புத்தக மூட்டையை எதிர்வீட்டு வாசலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தார். காய்கறிக் கடையைக் கடக்கும்போது கடைக்காரம்மா, "என்ன சார், குடும்பத்தோட?" என்று கேட்டாள்.

"மகளைப் பல் டாக்டர் படிப்புல சேர்க்கப் போறோம். தொண்ணூத்து நாலு."

"அடேங்கப்பா! நூத்துக்கா சார்?"

"நூத்துக்குத்தான்."

மகள் வாயைத் திறந்தாள். அம்மா அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். கையெழுத்துப் போட்ட தாள் பையில் இருந்தது. பஸ் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. மகள் வாயை மூடிக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.