கப்பலில் குடித்த டீ

நானும் என் சிநேகிதியும் ஆடுவது ஒரு பழைய வீடியோ கேம். முதலிலிருந்து கடைசிவரை யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறார்கள் என்பதுதான் போட்டி. இந்த ஒரே கேமைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு சின்னக் கூட்டம்தான். இணையத்தில் ஒரு குழு, அதற்கென்று விதிகள், விதிகளைப் பற்றி ஓயாத சண்டை. அந்தப் பட்டியலில் முதல் இடம் என்னுடையது.

கேமின் நடுவில் ஒரு நீண்ட கப்பல் பயணம் வரும். வெறும் கடல்தான். ஆனால் கொள்ளைக்காரர்கள் எப்போது ஏறுவார்கள் என்று தெரியாது, அதனால் பட்டனிலிருந்து கையை எடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவள் எங்கள் பழைய சுரங்க ஊரின் மறுகோடியில் இருக்கும் மைசூர் மைன்ஸிலிருந்து ஊரிகத்துக்கு, என் வீட்டுக்கு வருவாள். கப்பல் கிளம்பியதும் டீ டம்ளரை என் வாயருகே பிடிப்பாள். நான் திரையைப் பார்த்தபடியே உறிஞ்சுவேன். அவள் மாமியார் சொன்னது, மேனேஜர் முறைத்தது, எல்லாம் அந்தக் கப்பலில்தான் என் காதுக்கு வரும்.

பிறகு கேமின் புதுப் பதிப்பு வந்தது. அதில் எல்லாவற்றையும் மூன்று மடங்கு வேகத்தில் ஓட்ட ஒரு பட்டன் வைத்திருந்தார்கள். போட்டியில் அதை அனுமதிக்கலாமா என்று குழுவில் கேள்வியைக் கிளப்பியது வேறு யாருமில்லை, அவளேதான்.

அடுத்த ஞாயிறு அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"பட்டனை அமுக்கி ஜெயிக்கறதுக்குப் பேரு ஆட்டமாடி?"

"இன்னாடி, கேம் பண்ணவனே வெச்ச பட்டன். நான் இன்னா வெளியில இருந்தா எடுத்துக்கினு வந்தேன்? அந்த வேகத்துல சண்டை போட்டுப் பாரு, கை தப்புனா செத்தோம்."

"பழைய மிஷின்ல இந்தப் பட்டனே கிடையாதே, அதுல ஆடறவங்க இன்னா பண்ணுவாங்க?"

"அவங்களுக்குத் தனியா ஒரு லிஸ்ட் போட்டுக்கலாம்." டம்ளரைக் கீழே வைத்தாள். "உனக்கு வீட்லயே வேலை. எனக்கு பெங்களூர் போய் வர டெய்லி நாலு மணி நேரம் ட்ரெயின்லயே போவுது. கப்பல்ல வேற உக்காரணுமா?"

அவள் சொன்னது நியாயம். என் பயம் ரெக்கார்டைப் பற்றியதும் இல்லை. கப்பல் சீக்கிரம் போய்விட்டால் இவள் எதற்காக இங்கே வரப்போகிறாள்? அவள் வீட்டிலேயே ஒரு மணி நேரத்தில் ஆடி முடித்துக்கொள்வாளே. இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பழைய மிஷின், பழைய மிஷின் என்றே பிடிவாதமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

வாக்கெடுப்பு ஒரு வாரம் நடந்தது. போனைக் கவிழ்த்து வைப்பேன், உடனே நிமிர்த்திப் பார்ப்பேன். குக்கர் விசிலைக் கவனிக்காததில் சாதம் குழைந்து கூழானது. அவளிடமிருந்து ஒரு மெசேஜ்கூட இல்லை. சனிக்கிழமை முடிவு வந்தது. பட்டனுக்கு அனுமதி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எங்கள் லைன் வீட்டு வரிசையில் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள். அவளைக் காணோம். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். இனி வரமாட்டாள் என்று முடிவுகட்டி நான் கதவைச் சாத்தப் போனபோது தெருமுனையில் அவள் தலை தெரிந்தது.

"ஆட்டோவே கிடைக்கல. இன்னாடி மூஞ்சி இப்படி கீது? போடு, பட்டனோட ஆடிப் பாக்கலாம்."

ஆடினேன். சண்டைகள் பறந்தன. கப்பல் கிளம்பியதும் வழக்கம்போல் டீ ஊற்ற அவள் சமையலறைக்குப் போனாள். டம்ளரோடு திரும்பியபோது கரை தெரிந்துவிட்டது. அவள் நடுக்கூடத்தில் அப்படியே நின்றாள்.

"அதுக்குள்ளயா?"

அவள் குரல் இறங்கிவிட்டது. நான் பட்டனை விட்டுவிட்டு இரண்டு கையாலும் டம்ளரை வாங்கினேன். திரையில் கொள்ளைக்காரர்கள் ஏறினார்கள்.

"அடியே, டைம் போவுது!" என்று கத்தினாள்.

"போவட்டும். உக்காரு. உங்க மாமியார் இன்னா சொன்னாங்க இந்த வாரம்?"