எண் போடாத நாய்ப் புத்தகம்

எங்கள் அச்சகத்தில் அடுக்கு வேலை பார்க்கும் அக்காவுக்குக் கை தப்பாது என்று பேர். அச்சாகி மடித்து வரும் தாள்களைப் பாரம் என்போம். அவற்றை அவர் வரிசையாக அடுக்கித் தருவார், நான் ஓரத்தில் கம்பிப் பின் அடிப்பேன். பதினெட்டு வருஷமாக ஒரே மேஜை. எனக்குப் படிப்பு ஐந்தாவது. அவருக்கு அதுவும் இல்லை, பக்க எண் மட்டும் தெரியும்.

போன மாதம் குழந்தைகளுக்கான படப் புத்தகம் ஒன்று வந்தது. நாய்களும் கார்களும். கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் துணியுமாக ஒவ்வொரு நாயும் மாப்பிள்ளை மாதிரி காரில் உட்கார்ந்திருக்கும். எழுத்தே இல்லை. எண் போட்டால் அழகு கெடும் என்று வரைந்தவர் சொல்லிவிட்டாராம். மாதிரிப் புத்தகம் முதலாளியோடு வெளியே போயிருந்தது.

“முதலாளி வரட்டும்க்கா” என்றேன்.

“மொத்தமே நாலு பாரம். படத்தைப் பார்த்தா தெரியாதா?”

வெட்டும் மிஷின்காரர், “நாய்க்கெல்லாம் கார் இருக்கு. நான் இன்னும் பஸ் பின்னால ஓடுறேன்” என்றார்.

“வண்டி பின்னால ஓடுறதும் நாய் வேலைதாண்ணே” என்றார் அக்கா.

சாயங்காலம் முதலாளி வந்தார். பின் அடித்து வைத்த புத்தகம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது.

“என்னம்மா இது, கதை முடிவுல நாய் செத்துக் கிடக்கு?”

பார்த்தேன். காருக்கு அடியில் கண் மூடிய நாய். அதற்குப் பிறகு பக்கமே இல்லை. மாதிரியில் அந்தப் பாரம் மூன்றாவது. நாய் நிழலுக்குப் படுத்துத் தூங்குகிறது, கதை மேலே போகிறது. அக்கா அதைக் கடைசியில் வைத்திருந்தார். எண்ணூறு புத்தகம். எல்லாம் என் கையால் பின் அடித்தவை. பிள்ளைகள் திறந்து பார்த்திருந்தால்? கடவுளே, நானும் கவனிக்கவில்லையே.

“இனி அடுக்குறதுக்கு வேற ஆள்தான் பார்க்கணும் போல” என்றார் முதலாளி.

அக்கா நிமிரவில்லை. “காருக்கடியில நாய் படுத்துட்டா, அதுக்கப்புறம் என்ன படம் வரும் முதலாளி?”

அக்கா வீட்டில் சோம்பேறி என்ற பேரில் ஒரு நாய் இருந்தது. வெயிலானால் நிற்கிற கார்களுக்கு அடியில் போய்ப் படுக்கும். அது எங்கேயோ ஓடிப்போய்விட்டது என்றுதான் இரண்டு வருஷமாக என்னிடம் சொல்லியிருந்தார்.

“எதிர்வீட்டுக்காரர் பார்க்காம வண்டியை எடுத்துட்டார்” என்றார் அக்கா. அவ்வளவுதான்.

பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். எனக்கே தெரியாது.

முதலாளி மாதிரியை அக்காவின் முன்னால் வைத்தார். “பின்னைப் பிரிங்க. நீயே திரும்ப அடுக்கும்மா.”

எல்லோரும் உட்கார்ந்து பிரித்தோம். அக்கா நாலாவது பாரத்தை விரலால் விலக்கி உள்ளே பார்த்தார். கார்க்காரர் மண்டியிட்டு நாயின் காதைத் தட்டுகிறார். நாய் சோம்பல் முறிக்கிறது.

“எழுப்பிட்டுத்தான் வண்டியை எடுத்திருக்கார்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பின்னைப் பிடுங்கினார்.